இரண்டாம் பதிப்பை அச்சுக்கு அனுப்ப முன்

செட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவரும் கூட்டாளிமார் மூன்று பேரும் சேர்ந்து, மேசையைச் சுற்றியிருந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று விளையாடும் கதை விளையாட்டு ஒன்றைத் தமிழில் உருவாக்கி, 80 பக்கப் புத்தகமாகவும் போட்டிருக்கிறார்கள். தோணிக்காரர், பரிகாரியார், வட்டவிதானையார், அண்ணாவியார் என்று பாத்திரங்கள் எல்லாம் மட்டக்களப்பு வாவிக்கரை ஆட்கள். 300 பிரதி அடித்ததில் 70 அளவில் கையில் நிற்கிறது. பிரதிக்கு 600 ரூபா அடக்கம், விற்ற விலை 1,000. விளையாடியவர்கள் சொல்லும் குறைகளையும் எழுதியிருக்கிறார்: சண்டை விதி இழுபடுகிறது, 14ஆம் பக்க அட்டவணையும் 41ஆம் பக்க அட்டவணையும் ஒத்துப்போகவில்லை, பரிகாரியாருக்குச் செய்ய வேலையே இல்லை. “திருத்தின பதிப்பு ஒண்டு போடுவமா அண்ணன்? போட்டா முதல் புத்தகம் வாங்கின ஆக்கள் ஏசமாட்டாங்களா?” என்பது கேள்வி.

அவசரப்பட்டால் ஏசத்தான் செய்வார்கள், தம்பி. பிழைதிருத்தத்தை இந்த மாதமே வெளியிடுங்கள். இரண்டாம் பதிப்பைப் பற்றி, கையிலுள்ள 70 பிரதியும் போய், கீழே சொல்லும் சோதனையும் முடியும் வரை வெளியில் மூச்சு விடாதீர்கள். இந்தத் தொழிலில் ஐம்பது வருடமாகப் பெரிய கம்பனிகள் பட்ட பாடு நமக்கு முன்னால் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

முதலில், கம்பனிகள் ஏன் பதிப்பை மாற்றுகின்றன? விதியில் பிழை இருப்பதால் மட்டும் இல்லை. ஒரு மேசையில் ஐந்து பேர் என்று வையுங்கள். அடிப்படை விதிப் புத்தகத்தை ஐந்து பேரும் வாங்கக்கூடும். பூதங்களும் மிருகங்களும் உள்ள புத்தகம் கதை நடத்துபவர் ஒருவருக்கு மட்டுந்தான் வேண்டும். தனிக் கதைப் புத்தகத்தை, நடத்துபவர்களிலும் சிலர்தான் வாங்குவார்கள். ஆகவே துணைப் புத்தகங்கள் வரவர விற்பனை மெலிந்துகொண்டே போகும். அந்தக் கட்டத்தில் கம்பனிக்காரரின் கண், எல்லோரும் வாங்கிய அந்த முதல் புத்தகத்துக்குத் திரும்பும். அதையே மறுபடி எல்லோருக்கும் விற்க வழி என்ன? புதிய பதிப்பு. இதில் களவு ஒன்றுமில்லை, பிழைப்பு அது. ஆனால் வாங்குகிறவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும். தன் காசுக்காக மட்டும் புத்தகத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டுவிட்டால், அந்த மனத்தாங்கல் லேசில் ஆறாது.

இதற்கு உதாரணம், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் செய்த டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்ற பாத்திர விளையாட்டு. அது 1974இல் மூன்று சிறு கையேடுகளாக, பெட்டியில் போட்டு வந்தது. முதல் அச்சு 1,000 பிரதி. உங்களுடைய 300ஐ நினைத்து வெட்கப்படத் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். பிறகு 1989இல் இரண்டாம் பதிப்பு, 2000இல் மூன்றாவது, 2008இல் நான்காவது, 2014இல் ஐந்தாவது, 2024இல் அதன் திருத்தம். இந்த வரிசையில் நீங்கள் ஆழமாகப் பார்க்க வேண்டிய இடம் 2003. மூன்றாம் பதிப்பு வந்து மூன்றே வருடத்தில், மூன்றரை என்று ஒரு திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார்கள். மாற்றங்கள் சின்னச் சின்னவை, ஆனால் எங்கும் பரவியவை. இதற்கிடையில், 2000இல் கம்பனியே கொடுத்த திறந்த உரிமத்தை நம்பி, பல சிறிய பதிப்பகங்கள் அதே விதிகளுக்குத் துணைப் புத்தகங்கள் அடித்திருந்தன. கடைகளின் இறாக்கையெல்லாம் அவைதான். மூன்றரை வந்ததும் அவை பழசாகிப்போயின. விளையாட முடியாமல் போகவில்லை, வாங்க ஆள் இல்லாமல் போனது. சில பதிப்பகங்கள் அதோடு படுத்துவிட்டன.

உங்கள் கையிலுள்ள 70 பிரதிக்கும் இதே கதிதான் வரும். “அடுத்த வருடம் திருத்திய பதிப்பு” என்று பேஸ்புக்கில் ஒரு வரி போட்டீர்களென்றால், அன்றைக்கே பழைய புத்தகத்தின் விற்பனை நிற்கும். 70 பிரதியின் அடக்கம் 42,000 ரூபா. அந்தக் காசை நீங்களே உங்கள் வாயால் இல்லாமல் செய்வீர்கள்.

கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். இப்போது அச்சகத்தில் பிரதிக்கு 700 சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 300 பிரதிக்கு 2,10,000 ரூபா. விலை 1,200 வைத்து, கடைக்கு 30 வீதக் கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 840. போட்ட முதலை எடுக்கவே 250 பிரதி விற்க வேண்டும். முதல் பதிப்பே இதுவரை 230 தான் போயிருக்கிறது. கடையை விட்டுவிட்டு நேரே விற்றால் 175 பிரதியில் முதல் திரும்பும். டிஜிட்டல் அச்சில் 100 மட்டும் அடிப்போம் என்றால் பிரதிக்கு 900 வரை போகக்கூடும். அதைக் கடைக்குக் கொடுத்தால் ஒவ்வொரு பிரதியிலும் 60 ரூபா நட்டம். ஆகவே சிறிய அச்சு என்றால் நேர் விற்பனை மட்டுமே, கடைக்குப் போவதென்றால் பெரிய அச்சு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

இன்னொன்று. ஓப்செட்டில் பக்கங்கள் பதினாறு பதினாறாகத்தான் ஓடும். உங்கள் 80 பக்கம் சரியாக ஐந்து போர்மா. திருத்தித் திருத்தி 84 பக்கமாக்கினால், நான்கு பக்கத்துக்காக ஒரு போர்மாவின் செலவைத் தூக்குவீர்கள். 80க்குள் அடக்குங்கள், இல்லையென்றால் துணிந்து 96க்குப் போங்கள். விலை மதிப்பீடு எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள், பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன. இறக்குமதிக் கடதாசியை நம்பி நிற்கும் நாட்டில் பழைய விலைத் தாளோடு அச்சகத்துக்குப் போய் நின்று பயனில்லை.

இனி, பழைய புத்தகம் வைத்திருக்கும் அந்த 230 பேர். எல்லா முடிவையும் அவர்கள் பக்கம் நின்று எடுங்கள் என்பதுதான் என் கட்சி. களுதாவளையில் ஒரு பிள்ளை உங்கள் முதல் புத்தகத்தை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பேருக்குக் கதை நடத்திக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். இரண்டாம் பதிப்பு வந்த அடுத்த ஞாயிறு அந்த மேசையில் என்ன நடக்கும்? பாதிக் கதையில் நிற்கிறார்கள். ஒருவர் புதிய புத்தகம் வாங்கிவிட்டார், மற்ற நால்வரிடமும் பழையது. அவர்கள் தொடர்ந்து விளையாட முடிந்தால் உங்கள் பதிப்பு பிழைத்தது.

கேயோசியம் கம்பனியின் கோல் ஒஃப் குதுலு இந்த இடத்தில் நல்ல பாடம். 1981இல் வந்த விளையாட்டு. ஆறு பதிப்பு வரைக்கும் விதிகளைப் பெரிதாகத் தொடவேயில்லை. 2014இன் ஏழாம் பதிப்பில்தான் துணிந்து மாற்றினார்கள். அப்போதும், பாத்திரத்தின் பலம், புத்தி போன்ற பழைய எண்களை ஐந்தால் பெருக்கினால் புதிய எண் வந்துவிடும்படி பார்த்துக்கொண்டார்கள். முப்பது வருடமாகச் சேர்ந்த கதைப் புத்தகங்கள் ஒன்றும் வீணாகவில்லை. உங்கள் சண்டை விதியை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஆனால் பழைய பாத்திரத் தாளைப் புதியதாக மாற்றும் வழி ஒரேயொரு வரியில் இருக்க வேண்டும். அந்த வரியை உங்களால் எழுத முடியவில்லை என்றால், அது திருத்திய பதிப்பு இல்லை, வேறொரு விளையாட்டு. அதற்கு வேறு பெயர் வையுங்கள்.

மாறாக நடந்ததும் உண்டு. ட்ரவலர் என்ற விண்வெளி விளையாட்டு 1977இல் வந்து நல்ல பெயர் எடுத்தது. 1993இல் அதன் கம்பனி விதிகளையும் மாற்றி, ஆட்கள் வருடக்கணக்காக விளையாடிய கதை உலகத்தையும் அழிந்துபோன உலகமாக்கிப் புதிய பதிப்பைப் போட்டது. பழையவர்களில் பலர் கூட வரவில்லை. 1996இல் கம்பனியை மூடினார்கள். மூடியதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. என்றாலும் விதி, கதை உலகம் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடுங்குவது என் கண்ணுக்குப் பெரிய துணிச்சலாகவே படுகிறது.

பழைய ஆட்கள் வராவிட்டால் எங்கே போவார்கள் என்பதற்கு 2008ஐப் பாருங்கள். டன்ஜன்ஸின் நான்காம் பதிப்பு முழுக்க மாறி வந்தது, பிற பதிப்பகங்களுக்கான உரிமமும் இறுக்கப்பட்டது. அந்த விளையாட்டின் இரண்டு சஞ்சிகைகளை உரிமம் பெற்று அச்சடித்துவந்த பைசோ கம்பனிக்கு அந்த உரிமம் 2007இலேயே போய்விட்டது. அவர்கள் பழைய மூன்றரை விதிகளையே, திறந்த உரிமத்தின் கீழ் தாங்கள் திருத்தி, பாத்ஃபைண்டர் என்று 2009இல் வெளியிட்டார்கள். கைவிடப்பட்டதாக நினைத்தவர்கள் அங்கே போனார்கள். சில காலம் விளையாட்டுக் கடைகளின் விற்பனைப் பட்டியலில் பாத்ஃபைண்டர் மூலவிளையாட்டையே முந்தி நின்றது. டன்ஜன்ஸ்காரர் கைவிட்ட வாடிக்கையாளரை, முந்தி அவர்களுக்காக அச்சடித்தவரே பொறுக்கிக்கொண்டார்.

அடுத்த பதிப்பில் டன்ஜன்ஸ்காரர் பாடம் படித்தார்கள். 2012இலிருந்து ஐந்தாம் பதிப்பின் வரைவுகளைப் பகிரங்கமாகக் கொடுத்து விளையாட விட்டார்கள். 1,75,000 பேருக்கு மேல் சோதித்ததாகக் கம்பனி சொன்னது. 2014இல் அடிப்படை விதிகளை இலவசமாகவே இணையத்தில் போட்டார்கள். அப்படியும் 2024இல் ஒரு சறுக்கல். டிஜிட்டலாகப் புத்தகம் வாங்கியவர்களின் பாத்திரத் தாளில் பழைய மந்திரங்களையும் மாயப் பொருள்களையும் எடுத்துவிட்டுப் புதிய பதிப்பினதைப் போடப்போவதாக ஓகஸ்டில் அறிவித்தார்கள். காசு கொடுத்து வாங்கியதை மாற்ற நீங்கள் யார் என்று ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். சில நாளிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். உங்களிடமும் இலண்டன், டொரொன்டோ ஆட்கள் பிடிஎஃப் வாங்கியிருக்கிறார்கள் அல்லவா? பழைய கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். புதியது வந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், கோப்பின் பெயரிலேயே வருடத்தைப் போடுங்கள். பழைய பிடிஎஃப் வாங்கியவருக்குப் புதியதைச் சும்மா கொடுங்கள். உங்களுக்குச் செலவில்லை.

பிழைதிருத்தத் தாளை எப்படிச் செய்வது என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சரியாகச் செய்தால் உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். ஏ5 அளவில் ஒரே தாள், முன்னும் பின்னும். மூன்று பகுதியாகப் பிரியுங்கள். முதலாவது எழுத்துப் பிழை, எண் பிழை: பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது. இரண்டாவது முரண்கள். இங்கே எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். 14ஆம் பக்கம் சரியா, 41ஆம் பக்கம் சரியா, ஒரு வசனத்தில் முடியுங்கள், விளக்கம் வேண்டாம். மூன்றாவது பகுதி, “விரும்பினால் இப்படியும் விளையாடலாம்” என்பது. சுருக்கிய சண்டை விதி, பரிகாரியாருக்கு ஒரு புதிய திறமை போன்றவை இதற்குள் வரும். பிழையையும் விதி மாற்றத்தையும் ஒரே பட்டியலில் கலந்தால், தாங்கள் பிழையான விளையாட்டை வாங்கிவிட்டதாக ஆட்கள் எண்ணுவார்கள். அச்சடித்த தாளை மிச்சமுள்ள 70 பிரதிக்குள்ளும் வையுங்கள். வாங்கியவர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்த மூன்றாம் பகுதிதான் உங்கள் இரண்டாம் பதிப்பின் முதல் சோதனை. அதை எத்தனை மேசைகள் எடுத்துக்கொள்கின்றன என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

மிச்சப் பாதிக்கு, உங்களைத் தெரியாதவர்கள் விளையாட வேண்டும். கூட்டாளிமாரோடு விளையாடினால் சந்தேகம் வரும் இடமெல்லாம் நீங்களே வாயால் நிரப்பிவிடுவீர்கள். குருக்கள்மடத்தில் பாதையேறி அம்பிளாந்துறைக்குப் போங்கள், அல்லது கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கூத்தும் நாடகமும் படிக்கும் மாணவர்களிடம் கொடுங்கள். பாத்திரமேற்பது அவர்களுக்குப் பழக்கம், உங்கள் விதிகள் பழக்கமில்லை. உங்களுக்கு வேண்டியது அந்தக் கலவைதான். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மூலையில் இருங்கள், கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். ஒரு சண்டை முடிய எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். அதைவிட முக்கியம், கதை நடத்துபவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தன் பாட்டில் தீர்ப்புச் சொல்லும் இடம். அந்தப் பக்க எண்ணைக் குறியுங்கள். ஒரே பக்கம் வெவ்வேறு மேசைகளிலும் மூடப்பட்டால் அந்த விதியை மாற்றத்தான் வேண்டும். ஒரு மேசையில் மட்டும் மூடினால் விட்டுவிடுங்கள்.

கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. புத்தகம் பெரிது, புதியவர்கள் பயப்படுகிறார்கள், அதனால் இரண்டாம் பதிப்பில் பாதியை வெட்டலாமா என்று. வேண்டாம். அது வேறு தேவை, அதற்கு வேறு புத்தகம் போடுங்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து, விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிக் கர்ணன் போர், இராவணேசன் போன்றவற்றை மேடையேற்றினார். அது பல்கலைக்கழக மேடைக்கும் கொழும்பு மேடைக்கும் வந்த சபைக்கு. படுவான்கரையில் களரி போட்டு விடியும் வரை ஆடுவதை அது நிறுத்தவில்லை. நீங்களும் 16 பக்கத்தில், ஒரே போர்மாவில், ஒரு மாலைக்குள் முடியும் ஒரு கதையும் நான்கு ஆயத்தப் பாத்திரங்களும் வைத்து ஒரு தொடக்கப் புத்தகம் போடலாம். டன்ஜன்ஸ்காரரும் 1977இலேயே புதியவர்களுக்கென்று எளிமையான பெட்டியொன்றைத் தனியாக விற்றார்கள். இது பழைய 70 பிரதியின் விற்பனைக்குக் குறுக்கே வராது, கூட்டிவிடவும் கூடும்.

ஏற்கெனவே வைத்திருப்பவர் மறுபடி வாங்குவதற்கு நியாயமான காரணம் எப்படி இருக்கும்? க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது, திருத்தி விரித்த பதிப்பு 2008இல், அடுத்தது 2020இல். இடையில் பதினாறு வருடம், பிறகு பன்னிரண்டு. 2008 பதிப்பில் இலங்கைத் தமிழ்ச் சொற்கள் வந்து சேர்ந்தன. பழையதை வைத்திருந்த மட்டக்களப்பு வாசகர் ஒருவர் புதியதற்குக் காசு கொடுக்க அந்த ஒன்றே போதும். உங்கள் இரண்டாம் பதிப்பின் பின்னட்டையில் அப்படி ஒரு வரி எழுத முடியுமா என்று பாருங்கள். “பிழைகள் திருத்தப்பட்டுள்ளன” என்பதற்காக ஒருவர் 1,200 ரூபா கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. வாவியின் மேற்குக் கரை முழுவதற்கும் வரைபடமும் கதையும் புதிதாக வருகிறது என்றால் கொடுப்பார்.

முன்பதிவுக் காசு வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. குதுலுவின் ஏழாம் பதிப்புக்கு 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் ஐந்து இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. மேலதிகப் பரிசுகளை அள்ளி அறிவித்ததாலும் அனுப்பும் செலவாலும் கம்பனியே ஆட்டம் கண்டு, 2015இல் நிர்வாகம் கைமாறியது. வெளிநாட்டு ஆட்களிடம் தபால் செலவை இப்போதே வாங்காதீர்கள். அனுப்பும் அன்றைய கட்டணத்தைத் தனியாக வாங்குங்கள். சட்டையும் சாவிக்கோர்வையும் தருகிறோம் என்று அறிவிக்கவே வேண்டாம்.

பதிவு விஷயம் சுருக்கமாக. அப்படியே மறுபடி அடித்தால் அது மறு அச்சு, பழைய ஐ.எஸ்.பி.என். இலக்கமே போதும். உள்ளடக்கம் மாறினால் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் புதிய இலக்கம் எடுக்க வேண்டும். அட்டையில் “இரண்டாம் பதிப்பு” என்பதையும் வருடத்தையும் முன்பக்கத்திலேயே பெரிதாகப் போடுங்கள், கடையில் ஒருவர் மாறி எடுத்துவிடக் கூடாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 1977இலிருந்து டன்ஜன்ஸ் கம்பனி “அட்வான்ஸ்ட்” என்ற பெயரில் விரிவான விதிப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. அது வேறு விளையாட்டு, ஆகவே உரிமைப் பணம் சேராது என்று ஆர்னிசனுக்குச் சொல்லப்பட்டது. 1979இல் அவர் வழக்குப் போட்டார், 1981இல் இணக்கத்தில் முடிந்தது. கைகாக்ஸும் ஆர்னிசனும் ஒன்றாக இருந்து செய்தவர்கள். நீங்களும் நான்கு பேர். இப்போது சண்டை ஒன்றும் இல்லாத நேரத்தில் ஒரு தாளில் எழுதுங்கள்: இரண்டாம் பதிப்பு, சுருக்கப் பதிப்பு, மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றிலும் யாருக்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் அவர் எழுதிய பகுதி என்னவாகும், அட்டையில் யார் யார் பெயர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விளையாடும் முறையைப் பாதுகாக்காது, நீங்கள் எழுதிய வசனத்தையும் வரைந்த படத்தையும்தான் பாதுகாக்கும். ஆகவே எந்தப் பக்கத்தை யார் எழுதினார் என்பது முக்கியம். ஓவியம் வரைந்த பிள்ளையிடமும் கேளுங்கள், முதல் பதிப்புக்கு மட்டும் தந்த படங்களா, எல்லாப் பதிப்புக்கும் தந்தவையா என்று. பதில் எழுத்தில், கையொப்பத்தோடு கிடைத்த பிறகுதான் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும்.